பன்னிரண்டு பெட்டி, பதின்மூன்று பிடிப்பு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த விதி சரியான விதி. ஏணியில் ஆள் நிற்கும்போது ஏணியை எடுக்கக் கூடாது. அதை நான் மறுக்கவில்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம், ஏணியில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பதற்காக ஆறு பேர் அதே ஏணியில் ஏறி நின்றார்களே, அதைப் பற்றித்தான்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பகுதியில். தரைத்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் எங்கள் சர்வர் இருக்கிறது. எக்ஸ்ரே, லிஃப்ட், பிரிண்டர் என்று இந்தக் கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு சின்ன புரோகிராம் மூலமாகத்தான் சர்வரோடு பேசும். அதற்கு மாட்யூல் என்று பெயர். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூலை மாட்டலாம், கழற்றலாம். ஒரு கருவி மாட்யூலைப் பிடித்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால்தான் கழற்றலாம். யாராவது பிடித்திருக்கும்போது வலுக்கட்டாயமாகக் கழற்றினால் சர்வர் மொத்தமாகப் படுத்துவிடும். இந்தக் கணக்கை சர்வரே கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளும். மனிதர்கள் தலையிட வேண்டிய அவசியமே கிடையாது.

தலையிட்டார்கள். ஆறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் லிஃப்ட் மாட்யூலைப் பிடித்திழுத்துக் கழற்றி, ஆஸ்பத்திரியே நான்கு மணி நேரம் ஸ்தம்பித்தது. அதற்குப் பிறகு ‘மாட்யூல் பிடிப்புக் கண்காணிப்புப் பிரிவு’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். பதினேழு பேர். சர்வர் போடும் கணக்கை நம்பாமல், தடித்த ஒரு பேரேட்டில் கையாலும் எழுதுவார்கள். எந்த மாட்யூல், யார் பிடித்தது, என்றைக்கு விட்டது. பிடித்தவர்தான் விட வேண்டும், வேறு யாரும் அவர் சார்பில் விடக் கூடாது. இந்தப் பேரேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை எல்லோரும் ஏட்டம்மா என்பார்கள். நான்கு நிறப் பேனா வைத்திருப்பார். சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பிரிவோடு எனக்கு எந்தச் சகவாசமும் வேண்டாம் என்று இரண்டு வருடம் ஒதுங்கியே இருந்தேன். என் தங்கைக்கு முப்பத்தோராவது வாரத்தில் பிரசவம் ஆகாமல் இருந்திருந்தால் இன்னும் இருபது வருடம்கூட ஒதுங்கியிருப்பேன்.

பெண் குழந்தை. ஒரு கிலோ முந்நூறு. மூன்றாம் மாடியில் பன்னிரண்டு இன்குபேட்டர்கள் உண்டு, நர்ஸுகள் பெட்டி என்பார்கள். எங்கள் பிள்ளை ஏழாம் பெட்டி. குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சுவிட மறந்துபோகும். பெட்டியில் இருக்கும் கருவி அதைக் கண்டுபிடித்து அலாரம் அடிக்கும், நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலில் சுண்டிவிட்டால் குழந்தைக்கு ஞாபகம் வந்து மூச்சு விடும். அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அலாரம் அடிக்க வேண்டும்.

முதல் நாள் நான் போனபோது தங்கை தையல் போட்ட வயிற்றோடு முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பெட்டிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு அம்மா, ஒவ்வொரு ஸ்டூல்.

"ஏம்மா, போய்ப் படுக்கக் கூடாதா? அதான் அலாரம் இருக்கே."

"அலாரம் சில நேரம் அடிக்காதாம்ணா. ஆக்ஸிஜன் எண்பத்தெட்டுக்குக் கீழ போனா கத்துன்னு நர்ஸக்கா சொல்லிருக்காங்க."

தலைமை நர்ஸிடம் கேட்டேன். வார்டில் எல்லோரும் அவரை அக்கா என்பதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

"ரெண்டு பெட்டி ஒரே நேரத்துல அடிச்சா ஒண்ணுதான் கேக்கும் தம்பி. எத்தனையோ தடவ எழுதிக் குடுத்தாச்சு. எழுதி எழுதி என் பேனாதான் தீந்துது."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே அலாரம் மாட்யூலைத் திறந்து படித்தேன். ஒரே கணத்தில் இரண்டு அலாரம் வந்தால், இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நான்கு வரி மாற்றினால் போதும். மாற்றினேன். தனி கம்ப்யூட்டர் ஒன்றில் மூன்று நாள் விடாமல் சோதித்துப் பார்த்தேன். கச்சிதமாக வேலை செய்தது. இனி பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் பெட்டிக்கு ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு பன்னிரண்டையும் சர்வரிலிருந்து பிரித்துத் தருகிறேன் என்று அக்கா சொன்னார்.

சர்வரில் எண்ணிக்கையைப் பார்த்தேன். பெட்டி பன்னிரண்டு. பிடிப்பு பதின்மூன்று.

யாரந்தப் பதின்மூன்றாவது ஆள் என்று சர்வர் சொல்லாது. எண்ணிக்கைதான் சொல்லும், பெயர் சொல்லாது. பெட்டிகள் பன்னிரண்டும் விட்டாலும் ஒன்று மிச்சம் நிற்கும், கழற்ற முடியாது. வேறு வழியில்லாமல் கண்காணிப்புப் பிரிவுக்குப் போனேன்.

ஏட்டம்மா பேரேட்டைப் புரட்டினார். "ஏட்டுல பன்னெண்டுதான்."

"சர்வர்ல பதிமூணு காட்டுதும்மா."

"அப்ப சர்வர்தான் தப்பு."

"தப்பாவே இருக்கட்டும்மா. கழட்ட விடாதே அது."

"அதுக்கு முரண்பாட்டுப் படிவம் குடுக்கணும். மூணு பிரதி."

கொடுத்தேன். ஆய்வாளர் ஒருவர் வந்தார். மாட்யூலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஆய்வு செய்ய வேண்டுமென்றால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் அவரும் ஒரு பிடிப்பு. பதினான்கு. திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு கூடுதலா இருக்கே" என்றார். சாப்பிடப் போனார்.

விவகாரம் பெரியது என்று பிரிவுத் தலைவர் தலைமையில் ஐவர் குழு அமைத்தார்கள். நேரில் பார்க்காமல் கருத்துச் சொல்வது குழுவின் கௌரவத்துக்குக் குறைவு என்று ஐந்து பேரும் அவரவர் மேஜையிலிருந்து மாட்யூலைத் திறந்தார்கள். பத்தொன்பது. கூட்டத்தின் முதல் தீர்மானமே, எண்ணிக்கை கவலைப்படும் அளவுக்கு உயர்ந்து வருகிறது என்பதுதான்.

"சார், நீங்க அஞ்சு பேரும் ஆய்வாளரும் விட்டுட்டாலே பதிமூணுக்கு வந்துடும் சார்" என்றேன்.

பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்த மாட்டார். "தம்பி, அவசரப்படுறீங்க. இந்தப் பிரிவு ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரே ஒரு விபத்துகூட நடக்கல. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?"

"ஆறு வருஷமா ஒரு மாட்யூலையும் நாங்க கழட்டினதில்ல."

நான்கு பேரும் தலையாட்டினார்கள். நான் என் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வெளியே இருந்தால் எதையாவது எடுத்து அடித்திருப்பேன்.

சர்வரை ஒரே ஒருமுறை நிறுத்திப் போட்டால் எல்லாப் பிடிப்பும் தானாக உதிர்ந்துவிடும். அதையும் சொல்லிப் பார்த்தேன். வாசலில் ‘இடைவிடாத சேவை’ என்று ஒரு பலகை தொங்குகிறது, அன்றைக்கு அதில் 2,214 நாள். நிறுத்தினால் அது ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அந்த யோசனையைச் சொன்னதற்காக என் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

ஐந்து நாள் கெஞ்சினேன். ஆய்வாளர் விட்டார். குழுவில் நான்கு பேர் விட்டார்கள். அதற்குள் ஐந்தாமவருக்கு இடமாற்றம் வந்து, எதிர்க் கட்டடத்து ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"நான் இப்ப அந்தப் பிரிவுல இல்லையே தம்பி. எந்த அதிகாரத்துல விடுறது?"

அவரை ஒருநாள் மட்டும் மறுபடி இந்தப் பிரிவில் சேர்க்க உத்தரவு வாங்கினேன். அதற்கு நான்கு நாள். வந்தார். பிரிவில் புதிதாகச் சேர்பவர் எவரானாலும், அறிமுகத்துக்காக எல்லா மாட்யூலையும் முதலில் ஒருமுறை திறக்க வேண்டும் என்பது நடைமுறை. திறந்தார். அலாரம் மாட்யூலில் இப்போது அவருக்கு மட்டும் இரண்டு பிடிப்பு. மொத்தம் பதினைந்து. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பாவம், அவர் என் தோளைத் தட்டி, "கவலப்படாதீங்க, எல்லாத்தையும் விட்டுர்றேன்" என்று பட்டனைத் தட்டினார்.

திரையில் பன்னிரண்டு.

பெட்டி பன்னிரண்டு, ஏட்டில் பன்னிரண்டு, சர்வரில் பன்னிரண்டு! ஆய்வாளர் கை தட்டினார். பிரிவுத் தலைவர் என் கையைக் குலுக்கினார். நான் வார்டுக்குப் போன் செய்ய எடுத்தேன். அக்கா "சொல்லு தம்பி" என்றதும் திரையை இன்னொருமுறை பார்த்தேன். பதினைந்தில் இரண்டு போனால் பதின்மூன்றுதானே?

"சார், எத்தனை தடவ விட்டீங்க?" என்று ஐந்தாமவரைக் கேட்டேன்.

"மூணு. எதுக்கும் இருக்கட்டுமேன்னு ஒண்ணு சேத்து விட்டேன்."

ஐயோ! அவர் விட்டது வேறு யாருடைய பிடிப்பையோ. அந்தப் பதின்மூன்றாவது ஆள் இன்னும் ஏணியில்தான் நிற்கிறான், கணக்கில் மட்டும் இல்லை. இதை நம்பிக் கழற்றியிருந்தால் சர்வர் விழுந்து, பன்னிரண்டு பெட்டியின் அலாரமும் மொத்தமாக ஊமையாகியிருக்கும். அக்காவிடம் "இன்னைக்கு வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டு, அவரையே மறுபடி ஒருமுறை பிடிக்கச் சொன்னேன். ஏட்டம்மா அதைப் பச்சை மையில் ‘பிழை திருத்தப் பிடிப்பு’ என்று எழுதிக்கொண்டார். பதின்மூன்று. பதினான்கு நாள் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வார்டுக்குப் போக எனக்கு முகம் இல்லை. போனேன். தங்கை அதே ஸ்டூலில். கண் இரண்டும் கோவைப்பழம்.

"ஆச்சாண்ணா?"

"ரெண்டு நாள்ல ஆயிரும்மா" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

மறுநாள் கோபத்தில், அலாரத்தை விட்டுவிட்டு மற்ற மாட்யூல்களின் கணக்கை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். லிஃப்ட் மூன்று, பிடிப்பு நான்கு. எக்ஸ்ரே நான்கு, பிடிப்பு ஐந்து. ஃபேக்ஸ் மெஷின், பிடிப்பு ஒன்று. ஃபேக்ஸ் மெஷினா? அது போன வருடமே பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டதே! இல்லாத மெஷினை எவன் பிடித்துக்கொண்டிருக்கிறான்? எல்லா மாட்யூலிலும் சரியாக ஒன்று கூடுதல் என்றால், எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் பிடித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடித்திருக்கும் ஆள் இந்த ஆஸ்பத்திரியில் யார்?

பிரிவுத் தலைவரின் அறைச் சுவரில் ஒரு பெரிய போர்டு உண்டு. ஒவ்வொரு மாட்யூலின் எண்ணிக்கையும் சிவப்பு எழுத்தில் ஓடும். ஆறு வருடங்களுக்கு முன் ரிப்பன் வெட்டித் திறந்தது. எண்ணிக்கையைப் படிப்பதற்காக அந்த போர்டு ஒவ்வொரு மாட்யூலையும் ஒருமுறை பிடிக்கிறது. பிடித்தது பிடித்ததுதான், விடுவதே இல்லை. பூஜ்யம் ஆகிவிட்டதா என்று ஆறு வருடமாக எட்டிப் பார்த்துக்கொண்டே, பூஜ்யம் ஆகாமல் காத்து வந்திருக்கிறது.

பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். மகிழ்ச்சியில் எனக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டே நிமிஷம் போர்டை அணைச்சாப் போதும் சார்."

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதை அணைச்சிட்டா எண்ணிக்கை பூஜ்யம் ஆச்சா இல்லையான்னு நான் எதுல பாக்குறது?"

"சர்வர்லயே தெரியும் சார்."

"சர்வர் சொல்றத நம்புறதா இருந்தா இந்தப் பிரிவு எதுக்கு தம்பி?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

"பதறாதீங்க" என்றார் கனிவாக. "நியாயமான கோரிக்கைதான். முதல் போர்டை அணைக்கும்போது கண்காணிக்க இன்னொரு போர்டு வாங்கிடலாம்."

வாங்கினார்கள். மூன்று நாளில் வந்தது. இந்த ஆஸ்பத்திரியில் பஞ்சுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், போர்டு மூன்று நாளில் வந்துவிட்டது. எதிர்ச் சுவரில் மாட்டி ரிப்பன் வெட்டினார்கள். சிவப்பு எழுத்து இரண்டு சுவரிலும் ஒளிர்ந்தது. அலாரம், பதினான்கு.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அண்ணா, எட்டாம் பெட்டி அலாரம் அடிச்சுது. எல்லாரும் அங்க ஓடினாங்க. நானும் ஒரு செகண்ட் திரும்பிட்டேன். மறுபடி பாக்குறேன், நம்ம பெட்டியில எழுபத்திரெண்டு. சத்தமே இல்ல. கன்னமெல்லாம் நீலம். கத்தினேண்ணா. அக்கா ஓடிவந்து கால்ல சுண்டினாங்க, இப்ப மூச்சு விடுறா." பிறகு, "எனக்குக் கண்ணு சொருகுதுண்ணா. நான் தூங்கிட்டா என்ன பண்றது?" என்றாள்.

விதியாவது வெங்காயமாவது!

மதியம் பிரிவுத் தலைவர் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, அவர் அறைக்குள் நுழைந்து மேஜைக்கு அடியில் புகுந்தேன். முதல் போர்டின் வயரை உருவினேன். இரண்டாவதன் வயர் அலமாரிக்குப் பின்னால் போயிருந்தது. அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஏட்டம்மா.

"என்ன பண்றீங்க?"

"வயரை உருவுறேம்மா. யார்கிட்ட வேணா சொல்லிக்குங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு இருபத்திரெண்டு" என்று பேரேட்டில் எழுதினார். "ரெண்டாவது எப்ப உருவுவீங்க? நேரம் போடணும்."

"இப்பவே" என்று உருவினேன்.

"ஒண்ணு இருபத்திமூணு."

சர்வர் அறைக்கு ஓடினேன். பன்னிரண்டு, இந்த முறை நிஜப் பன்னிரண்டு. போனில் அக்கா ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தார். பதினொன்று, பத்து, ஒன்பது. பூஜ்யம் வந்தபோது எனக்குக் கண் மங்கிவிட்டது, துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். பூஜ்யம்தான். கழற்றினேன், புதியதை மாட்டினேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அக்கா பெட்டிகளை மறுபடி சேர்க்க, ஒன்று, இரண்டு என்று ஏறி பன்னிரண்டில் நின்றது. சாயங்காலத்துக்குள் இரண்டு பெட்டி சேர்ந்து அடிக்க, இரண்டு அலாரமும் கேட்டது என்று அக்கா போனில் கத்தினார். நான் துணி வெளுக்கும் அறைச் சுவரில் சாய்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம். போர்டு இரண்டும் மறுபடி மாட்டப்பட்டிருந்தன. பிரிவுத் தலைவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தார்.

"பழைய மாட்யூல் இருந்தப்ப ஒரு நாளைக்கு ஒம்பது அலாரம். உங்க மாட்யூல் வந்ததுக்கப்புறம் பதினாறு. ஏழு குழந்தைங்களோட உடம்ப நீங்க கெடுத்திருக்கீங்க."

"சார், அந்த ஏழும் முன்னாடியும் நடந்ததுதான் சார். அப்ப அலாரம் அடிக்கல."

"அடிக்காத அலாரத்துக்கு ஆதாரம் இருக்கா?"

தங்கையைக் கூட்டிவந்து அவள் கண்ணைக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். மாட்யூலுக்கு மரண தண்டனை: பழையதையே திரும்ப மாட்டுவது, இந்த முறை முறைப்படி. முறைப்படி என்றால் பிடித்தவர்கள் விட வேண்டும். போர்டுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பன்னிரண்டு பேரிடமும் விடுவிப்புப் படிவம் வாங்கி வாருங்கள் என்று ஏட்டம்மாவிடம் சொன்னார் பிரிவுத் தலைவர்.

"ஏட்டுல பெட்டின்னுதான் இருக்கு சார். பெட்டி எப்படிக் கையெழுத்துப் போடும்?"

பிரிவுத் தலைவர் யோசித்தார். "பெட்டிக்குக் கை கிடையாது. ஆகவே பெட்டிக்குள்ள இருக்குறவர்தான் பிடித்தவர். அவர்கிட்ட வாங்குங்க."

"அவரோட அம்மா போட்டா போதுமா சார்?"

"பிடித்தவர்தான் விடணும். அம்மாவா பிடிச்சாங்க?" என்றார்.

பன்னிரண்டு படிவத்தோடு ஏட்டம்மா மூன்றாம் மாடிக்கு ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன், காலில் விழவும் தயாராக. வார்டில் ஸ்டூல்கள் எல்லாம் காலி. அம்மாக்கள் படுக்கப் போயிருந்தார்கள். தங்கை மட்டும் எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, ஏழாம் பெட்டியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏட்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார். ஏழாவதில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே, என் சுண்டுவிரல் அளவு கையைக் காற்றில் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள் என் மருமகள்.

"இவங்கதான் பிடித்தவரா?"

"ஆமாம்மா."

"கையெழுத்துப் போடத் தெரியாது."

"தெரியாதும்மா."

"கைநாட்டும் செல்லாது. வயசு பத்தாது." அவர் பேனாக்களில் சிவப்பைத் தேர்ந்தெடுத்து, பேரேட்டைப் பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டு, ஏழாம் பெட்டிக்கு நேரே நிதானமாக எழுதினார். நான் எட்டிப் படித்தேன். ‘பிடித்தவர் சட்டப்படி கையொப்பமிடும் வயதை அடையும்வரை விடுவிப்பு நிலுவை.’ மற்றப் பதினோரு பெட்டிக்கும் மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே போனார். முடித்து மூடி, என்னைப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷம் கழிச்சு வர்றேன்" என்றார். "அதுக்குள்ள பாப்பாவுக்கு ஒரு பேரு வெச்சிருங்க. படிவத்துல பேர் இல்லாம நான் வாங்க மாட்டேன்."